குரலுக்கு வந்த நோட்டீஸ்

உங்கள் வீட்டில் பேசுவதற்கு நீங்கள் யாரிடமாவது அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம். நேராகத்தான் கேட்கிறேன். "சாப்பாடு ஆறுது, எழுந்து வாங்க" என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் சொல் சுவரைத் தாண்டுமா, தாண்டினால் எவ்வளவு தூரம் போகும், அதை யாராவது கருவி வைத்து அளப்பார்களா என்றெல்லாம் யோசித்துவிட்டு வாயைத் திறக்கிறீர்களா? இல்லையென்றால் உங்களுக்குக் காது நன்றாக இருக்கிறது, உங்களோடு வாழ்பவருக்கும் நன்றாக இருக்கிறது என்று பொருள். அது உங்கள் சாமர்த்தியம் அல்ல. நீங்கள் பிரஸ் கொட்டகையில் வேலை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நகரசபைக் குடியிருப்பின் தரைத்தளத்தில், கடைசி வீட்டில் இருக்கும் பெண்மணி பார்த்திருக்கிறார். பிளாக்கில் அவருக்குச் சத்தக்கா என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில் யாரோ கிண்டலாக வைத்த பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பின்னால் சொன்னால் என்ன, முன்னால் சொன்னால் என்ன, அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியம். ஆனால் அவருக்கு உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடத் தெரியும். ஒருநாள் திரும்பி நின்று, "சத்தக்கான்னு கூப்பிடுறதுன்னா சத்தமாக் கூப்பிடுங்கடி, இல்லாட்டி எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றார். அன்றிலிருந்து அது கிண்டலாக இல்லாமல் பெயராகிவிட்டது.

குடியிருப்பின் பின்சந்தில், அவர் வீட்டுச் சமையலறைக்கு நேர் எதிரே, தட்டுகளும் மூடிகளும் அடிக்கிற பிரஸ் கொட்டகை இருக்கிறது. எவர்சில்வர் தகட்டை மெஷினுக்குள் வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து இரும்பு அச்சு இறங்கும். டம். தட்டை எடு, அடுத்த தகட்டை வை. டம். இப்படி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள். அந்தச் சத்தம் காது வழியாக மட்டும் உள்ளே போவதில்லை, உள்ளங்கால் வழியாகவும் ஏறும். சத்தக்கா பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அங்கே சேர்ந்தார். தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தார்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். சேர்ந்த புதிதில் வைத்தார். மேஸ்திரி பிடுங்கி எறிந்தார். "மெஷின் சில சமயம் மிதிக்காமலே ரெண்டாவது தடவை இறங்கும். இறங்குறதுக்கு முன்னாடி உள்ளே சத்தம் மாறும். அந்த மாத்தம் கேட்டாத்தான் கையை இழுக்க முடியும். விரல் வேணும்னா காதைத் திறந்து வை" என்றார். மேஸ்திரிக்கே ஒரு கையில் இரண்டு விரல் இல்லை. ஆகவே அந்தப் பேச்சை யாரும் மறுக்கவில்லை. சத்தக்கா இன்றும் யாராவது காதைப் பற்றி இரக்கமாக விசாரித்தால், இரண்டு கைகளையும் விரித்து முகத்துக்கு நேரே நீட்டுவார். "எல்லாம் இருக்கு பாருங்க. அதுக்குத்தான் இதைக் கொடுத்தேன்" என்று காதைத் தொட்டுக் காட்டுவார்.

விரலா, காதா என்று ஒரு மனுஷியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இந்த ஏற்பாட்டை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. மெஷினின் வாயில் ஒரு கம்பித் தடுப்பும், அடியில் கனத்த ரப்பர் மெத்தையும் போட்டிருந்தால் விரலும் பிழைத்திருக்கும், காதும் பிழைத்திருக்கும். போடவில்லை. இன்றுவரை போடவில்லை. குழாயடியில் இதைச் சொன்னால், "அவங்க தலையெழுத்து, பாவம்" என்கிறார்கள். எந்தத் தலையில் யார் வந்து எழுதினார்கள்? ரப்பர் மெத்தை வேண்டாம் என்று ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்தார். அவருக்கு முகம் இருக்கிறது, முகவரி இருக்கிறது.

கொட்டகைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசிப் பயனில்லை. எல்லாம் கை பேசும். நெற்றியில் இரண்டு விரல் தட்டினால் முதலாளி வருகிறார். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். அச்சு பொருத்துகிற வேலைக்கு ஒருவர் புதிதாக வந்தார். ஒருநாள் எதிர்வரிசையிலிருந்து, உன் சாப்பாட்டு டப்பா, என் சாப்பாட்டு டப்பா, இரண்டும் ஒரே பெஞ்சில் என்று கையால் சொன்னார். சத்தக்கா உடனே பதில் கொடுத்தார்: முதலில் உன் மெஷினைப் பார், விரல் போய்விடும். கொட்டகையே சிரித்ததாம். சிரித்தது யாருக்கும் கேட்கவில்லையாம், பல் மட்டும் தெரிந்ததாம். அவர்தான் இப்போது சத்தக்காவின் வீட்டுக்காரர்.

பல வருஷம் இருவரும் வீட்டிலும் பாதிக்குப் பாதி கையாலேயே பேசிக்கொண்டார்கள். அதனால் இருவருக்கும் காது போனது பெரிய குறையாகவே தெரியவில்லை. பிறகு சர்க்கரை நோய் வீட்டுக்காரரின் கண்ணுக்கு ஏறியது. முதலில் ஓரம் மங்கியது, அப்புறம் நடுவும் மங்கியது. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் இப்போது தெரியும். கை பேசியது அன்றோடு நின்றது. அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு காதில் கொஞ்சம். பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைத் திறந்து பேசினால் அந்தக் காதுக்குப் போகும்.

காது மெஷின் மாட்டலாமே என்று உடனே கேட்பீர்கள். மாட்டினார்கள். அந்தக் கருவிக்குப் பெண்டாட்டியின் குரல் எது, பின்சந்து பிரஸ் எது என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தது. "வேலையை விட்டு வந்தும் திரும்பக் கொட்டகைக்குள்ளேயே உட்கார வைக்கிறியே" என்று அவர் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

இரவு கொட்டகை ஓய்வதற்குள் பிளாக் தூங்கிவிடும். ஆகவே அவர்களுக்குப் பேச ஒரு நேரம்தான் உண்டு. மத்தியானம், கொட்டகையில் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்துவார்களே, அப்போது. காலையிலிருந்து சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் சத்தக்கா அந்த இடைவெளியில் கொட்டுவார். செய்தித்தாள் படிப்பார்.

"விலை மறுபடி ஏறிடுச்சாம்!"

"ஏறாம? இறங்குனாத்தான் செய்தி!"

"மந்திரி ராத்திரி பகலாப் பாடுபடுறாராம்!"

"யாருக்கு?"

பிளாக்கில் பலர் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் தலைப்புச் செய்தியும் அதற்கு வீட்டுக்காரரின் விமர்சனமும் இரண்டாம் மாடிவரை இலவசமாகக் கிடைத்தன.

இந்த நேரத்தில்தான் மேல்வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மனைவியோடு குடிவந்தார். வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுக்கக் காதில் பெரிய ஹெட்போன். அது விலையுயர்ந்த சாதனம். மெஷின் இரைச்சல், விசிறி இரைச்சல் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிடும், மனிதக் குரலை மட்டும் விட்டுவைக்கும். ஒரு மத்தியானம் அவர் தன் மேலதிகாரிகளுக்கு ஏதோ கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது, கீழிருந்து, "பாத்ரூம் போகணுமா? இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் அவசரப்படுத்தக் கூடாது!" என்று வந்தது. எதிர்முனையில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். முகம் சிவந்து இறங்கி வந்தார்.

"ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதா?"

"என்னது?"

"மெதுவா! மெதுவாப் பேசுங்க!"

"நீங்க ஏன் தம்பி கத்துறீங்க?"

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் உரக்க, "யாரு வந்திருக்கா?" என்றார்.

"மேல்வீட்டுத் தம்பி! மெதுவாப் பேசணுமாம்!"

"யாரு?"

"நாம!"

"என்னது?"

இளைஞர் தலையில் கைவைத்துக்கொண்டார். சத்தக்கா அவரை உட்கார வைத்து, "இந்தப் பிரஸ் ஓடுறப்போ நாங்க வாயே திறக்கிறதில்லை தம்பி, அது நிக்கிறப்போதான்..." என்று தொடங்கினார்.

"எந்தப் பிரஸ்?" என்றார் இளைஞர்.

பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு அந்தக் கொட்டகை உண்மையிலேயே வரவில்லை. வார்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். சத்தக்காவும் ஒருமுறை புகார் கொடுத்தவர்தான், பிரஸ் கொட்டகை மேல். வேலையை விட்ட பிறகும் காதுக்குள் வண்டு குடைவது நிற்கவில்லை. இருக்கிற கொஞ்சக் காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று போய் எழுதிக் கொடுத்தார். வார்டு அலுவலகத்திலிருந்து சத்தம் அளக்கிற மீட்டர்காரர் வந்தார். மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. சத்தக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபோது, பின்னாலிருந்து அவர் பெயரை மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். சத்தக்கா திரும்பவில்லை. மீட்டர்காரர் எழுதிக்கொண்டு போனது இது: 'மனுதாரருக்குக் கேட்கும் திறன் குறைவு. ஆகவே சத்தத்தால் பாதிக்கப்பட்டவர் அல்லர்.' சத்தம் கேட்டுத் தொல்லைப்படுகிறவர்தான் புகார் தர முடியும் என்பது வார்டு விதி. சத்தம் ஒருவரின் காதை முழுதாகத் தின்று முடித்துவிட்டால், அப்புறம் அந்தச் சத்தத்தின் மேல் அவருக்கு வழக்கே கிடையாது! கைகால் கட்டி ஆற்றில் போட்டுவிட்டு, நீந்தத் தெரியாதவருக்கு ஆற்றைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்பது போல. இந்த விதியைப் படித்த ஆட்கள் எழுதினார்கள், படித்த ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் இளைஞரின் புகாருக்கு மீட்டர்காரர் மீட்டரோடு வந்தார். மேல்வீட்டில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிரஸ் ஓடும்வரை அளக்கவில்லை. சுற்றுப்புறச் சத்தம் கலக்கக் கூடாதாம், அதுவும் விதி. மத்தியானம் மெஷின் நின்றது. கீழே செய்தித்தாள் விரிந்தது. முள் எகிறியது.

நோட்டீஸ் வந்தது. வார்டு விதிகளில் வீட்டுச் சத்தங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு: வாத்தியம், நாய், நாற்காலி இழுப்பது, மனிதக் குரல். இந்தப் பட்டியலின் அளவை மீறுகிறவர்கள் நகரசபைக் குடியிருப்பில் இருந்தால் வீட்டையே காலி செய்ய வேண்டியிருக்கும். கொட்டகை அந்தப் பட்டியலில் இல்லை. விதி வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த தொழில் என்பதால் அதற்கு விலக்கு. சத்தக்காவின் குரலும் விதி வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்ததுதான். அதற்கு யாரும் விலக்குக் கொடுக்கவில்லை.

விசாரணை வார்டு அலுவலகத்து மாடியில் நடந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, தரையில் கம்பளம். ஒலிக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைவி நடுவில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஓர் உறுப்பினர். யார் என்று நினைக்கிறீர்கள்? பிரஸ் முதலாளி! வார்டின் தொழில் பிரமுகர் என்கிற முறையில் அவரைக் குழுவில் போட்டிருக்கிறார்கள்.

சத்தக்கா வீட்டுக்காரரையும் கைபிடித்து அழைத்து வந்திருந்தார், தனியாக விட முடியாதே. தலைவி கோப்பைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். குனிந்த தலை, உதடு தெரியவில்லை.

"அம்மா, தலையைத் தூக்கிக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!" என்றார் சத்தக்கா.

தலைவி நிமிர்ந்தார். "இங்கேயும் கத்துறீங்களே?"

"கத்தலைம்மா. கேக்குறேன்."

"சாப்பாட்டு நேரத்துல உங்க வீட்டுச் சத்தம் அளவுக்கு மேல இருக்குன்னு கருவி சொல்லுது."

சத்தக்கா வீட்டுக்காரரின் பக்கம் குனிந்து அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். தலைவி மேசையைத் தட்டினார். "அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

"அவரைப் பத்தித்தானேம்மா பேசுறீங்க? அவருக்குத் தெரிய வேண்டாமா? அந்த மெஷின் நின்னாத்தான் நாங்க பேசவே முடியும். நிக்கிறப்போ வந்து அளந்தா எப்படி? ஓடுறப்போ அளங்களேன், எது பெருசுன்னு தெரியட்டும்!"

முதலாளி கனிவாகச் சிரித்தார். கனிவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "அக்கா நம்ம பழைய ஆள். நல்ல உழைப்பாளி. மனசுல ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் அடக்கிப் பேசினாப் போதும்னு நானே சிபாரிசு பண்றேன்."

"யாரு பேசுறா?" என்றார் வீட்டுக்காரர்.

"முதலாளி!"

"அவர் இங்க என்ன பண்றார்?"

"நம்ம சத்தத்தை விசாரிக்கிறாராம்!"

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணில் நீர் வழிய, முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சத்தக்காவும் சேர்ந்துகொண்டார். எழுத்தர் குறித்துக்கொண்டார்: 'எதிர்த்தரப்பினர் விசாரணையின்போதும் உரத்துப் பேசினர், சிரித்தனர்.'

குரலை அடக்க வேண்டும், மறுபடி அளக்கும்போது முள் ஏறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. மகள் இருக்கிறாள், ஒற்றை அறையில் மாமனார் மாமியாரோடு. சத்தக்கா வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்காரரின் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார். அவருக்கு அச்சும் அளவும் தெரியும், எழுத்து அவ்வளவாக வராது. தோளில் தட்டினால் சாப்பாடு, முதுகில் தட்டினால் குளியல் என்று வைத்துப் பார்த்தார். சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் அது போதும். மாட்டுக்கும் போதும். மந்திரியைப் பற்றி எங்கே தட்டுவது?

மத்தியானம் மெஷின் நின்றது. செய்தித்தாள் மடித்தபடியே கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. இருட்டில், சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர் முதலில் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஏம்மா, இருக்கியா?" என்றார். சத்தக்கா கையைத் தொட்டார். "என் மேல கோவமா?" தலையைத் தடவினார். "கோவம்னா திட்டிடு. இப்படிப் பேசாம இருக்காதே." தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பிளாக் முழுக்கக் கேட்டது. "நான் என்ன தப்புப் பண்ணேன்? சொல்லேன்!"

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்! உங்க மேல எனக்கு என்ன கோவம்?" என்று சத்தக்கா வெடித்தார்.

மேல்வீட்டு இளைஞர் அதைக் கேட்டார். அன்று ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியபோது, குடிவந்து இத்தனை காலத்தில் முதல்முறையாக, "இது என்ன இப்படி இடிக்குது?" என்று கேட்டாராம். கீழே இறங்கி வந்தார், கதவருகே நின்றார், நேராக வார்டு அலுவலகம் போனார்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"முடியாதே தம்பி" என்றார் எழுத்தர். "அளந்தாச்சு. அளந்த பிறகு அது உங்க புகார் இல்லை. வார்டோட வழக்கு."

"எனக்கு இப்போ தொல்லை இல்லைங்க."

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம். விதிக்கு இருக்கே."

கேட்டீர்களா? காது கேட்காதவருக்குத் தொல்லை கிடையாதாம், காதே இல்லாத விதிக்குத் தொல்லையாம்! இளைஞர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். வந்து சும்மா இருக்கவில்லை. சத்தக்காவை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல மேல்முறையீடு எழுதினார். பிரஸ் ஓடும்போதும் அளக்க வேண்டும், காதை இழந்தவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று விதியைத் திருத்த வேண்டும், வழக்குக்குக் காரணமானவர் குழுவில் உட்காரக் கூடாது, அதுவரை இந்த வீட்டின் பேச்சில் யாரும் கைவைக்கக் கூடாது. "இன்னும் ஒண்ணு எழுதுங்க தம்பி" என்றார் சத்தக்கா. "விசாரிக்கிறவங்க தலையைத் தூக்கிப் பேசணும்."

சத்தக்கா இப்போது பேசுகிறார். முள் ஏறினால் ஏறட்டும் என்று துணிந்து, மத்தியானம் பேப்பரைப் படிக்கிறார். ஆனால் வாசலில் நிழலாடினால் வாக்கியம் பாதியில் அறுந்துவிடுகிறது. நிழல் தாண்டிப் போகும்வரை வீட்டுக்காரர் அந்த மீதிப் பாதிக்குக் காத்திருக்கிறார். தன் வீட்டில் தன் புருஷனிடம் பேசும் ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். இதற்கு நாம் அமைதி என்று பெயர் வைத்திருக்கிறோம். வெட்கமாக இல்லையா?

சத்தத்துக்கு விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அது யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களை முதலில் எண்ண வேண்டும். இரும்பு வந்து மனிதனை அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, மனிதன் கத்தும்போது மட்டும் மீட்டரோடு ஓடி வருகிற விதியை நாலு பேர் உட்கார்ந்துதான் எழுதினார்கள். நாலு பேர் எழுந்து நின்றால் மாற்றலாம்.

மேல்முறையீடு வரும் திங்கட்கிழமை காலை, நகரசபைப் பெரிய கூடத்தில். வார்டில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், பேசலாம். அந்த ஒன்றையாவது விதி தடுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு "பாவம்" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அன்று ஒரு வேளை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வாருங்கள். பிரஸ் இடிக்கிற சந்தில் நீங்களும் குடியிருந்தால் அதைச் சொல்லுங்கள். உங்கள் முறை வரும்போது எழுந்து, தலையைத் தூக்கி, கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசுங்கள்.